சாய ஃபிலிமா, செராமிக் ஃபிலிமா?

இருட்டாக இருந்தால் வெயில் குறையும் என்று நம்பிக் கார் கண்ணாடியில் சாயம் ஏற்றிய ஃபிலிம் ஒட்டுபவர்களே அதிகம். அது கண் கூச்சத்தைத்தான் குறைக்கும். வெயிலில் சாயம் சிதைந்து சில வருடங்களில் ஊதா நிறமாகிவிடும். விலை மட்டும் மலிவு. செராமிக் நுண்துகள் கலந்த ஃபிலிம், வெளிர் நிறத்திலேயே அகச்சிவப்பு வெப்பத்தைத் தடுக்கும். உலோகம் இல்லாததால் ஃபாஸ்டேக், ஜிபிஎஸ் தடைபடாது.

இந்தியாவில் பக்கக் கண்ணாடியில் 50%, முன்பின் கண்ணாடிகளில் 70% ஒளி ஊடுருவ வேண்டும். கவனிக்க: 75% ஒளியை விடும் கண்ணாடியில் 70% விடும் ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 52.5% தான். சாய ஃபிலிமை இந்த அளவில் ஒட்டினால் பயன் சொற்பம். செராமிக்குக்கே நம் ஓட்டு.

ஒட்டும் வேலை இரண்டுக்கும் ஒன்றே: ஒரு லிட்டர் தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பூ, ஸ்குவீஜியால் (நீரை வழித்துத் தள்ளும் ரப்பர் பட்டை) நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளல். தூசி சிக்கினால் புள்ளி நிற்கும். நாலு நாள் கண்ணாடியை இறக்காதீர்கள், ஓரம் உரிந்துவிடும்.