ஆறு வருடமாகக் கழுத்தில் தொங்கும் கேனன் பி

இந்தக் கேமராவில் நான் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டுதான் படம் எடுக்கிறேன். கேனன் பி ஒரு பழைய ஃபிலிம் கேமரா. அதன் வியூஃபைண்டர், அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல், எதையும் சிறிதாக்கிக் காட்டாது. வெறுங்கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதே அளவு. வலது கண்ணை அதில் வைத்து இடது கண்ணை மூடாமல் விட்டால், இரண்டு காட்சியும் ஒன்றாகிவிடும். படத்தில் எவ்வளவு விழும் என்று காட்டும் வெள்ளைச் சட்டம் மட்டும் தெருவின் மேல் மிதக்கும்.

டோக்கியோவில் யானகா கின்ஸா கடைத்தெருவில் சாயங்காலம் நின்றால் இதன் அருமை தெரியும். சைக்கிள் தள்ளிக்கொண்டு வரும் பாட்டி சட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே என் கண்ணில் பட்டுவிடுகிறார். அவர் தலை நிமிரும் நேரம் வரை காத்திருக்கலாம். லென்ஸ் காட்டுவதை உள்ளே ஒரு பிரதிபலிப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமரா என்றால், க்ளிக் செய்யும் அந்த நொடியில் அந்தக் கண்ணாடி எழும்பி, எல்லாம் இருட்டாகிவிடும். இதில் அந்த நொடியையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மனிதர்களைப் படம் எடுப்பதில் எனக்கு இருந்த கூச்சம் போனது இதனால்தான்.

இது வந்தது 1959-இல். பி என்றால் 'பாப்புலேர்', எல்லோருக்குமானது என்று அர்த்தம். அதே வருடம் நிக்கான் எஃப் என்ற எஸ்எல்ஆர் வந்தது, அப்புறம் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் மெல்ல எஸ்எல்ஆர் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். ஜெர்மன் கேமராவான லைக்காவின் பழைய திருகு லென்ஸ்கள் இதில் அப்படியே பொருந்தும். ஃபிலிம் போடுவது மட்டும் லைக்காவைவிடச் சுலபம். பின்கதவு முழுசாகத் திறக்கும்.

ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் மெல்லிய எஃகுத் தகடு. பெரும்பாலான பி-க்களில் அது கசங்கிப்போயிருக்கும், என்னுடையதிலும் அப்படித்தான். வாங்கிய அன்று பயந்தேன். ஆறு வருடத்தில் ஒரு படத்திலும் அதன் சுவடு இல்லை. துணி ஷட்டர் என்றால் லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி இருக்கும்போது பொசுங்கி ஓட்டை விழலாம். இதில் அந்தக் கவலை குறைவு.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு 35 மி.மீ. லென்ஸுக்கான சட்டம் முழுசாகத் தெரியாது. 35, 50, 100 மூன்று சட்டங்களும் எப்போதும் சேர்ந்தே தெரிவதால் முதல் சில ரோல்களில் குழப்பமும் வரும். நான் 50-ஐத் தவிர வேறு லென்ஸ் போடுவதையே விட்டுவிட்டேன். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கிடையாது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு லென்ஸ் துளையை எஃப்16, ஷட்டர் வேகத்தை 1/500 என்று வைத்துத் தொடங்கி, நிழலுக்கு ஏற்றபடி துளையைத் திறந்துகொண்டே போவேன். ஒரு மாதத்தில் கை தானாகவே பழகிவிடும்.

என் முதல் லென்ஸுக்குள் பனி படிந்தது போல ஒரு மங்கல் இருந்தது. விற்றவர் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. எதிர்வெளிச்சத்தில் எடுத்த மூன்று ரோலும் வெளுத்துப்போன பிறகுதான் புரிந்தது. நீங்கள் வாங்குவதென்றால் லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம், ராத்திரியில் லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி நிலாவைப் பாருங்கள். வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு நிலாவும் ஒன்றாகச் சேர்ந்தால், இரண்டு பிம்பத்தை இணைத்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் சரி. மேலும் கீழுமாக நின்றால் ரிப்பேர் செலவையும் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.