மாந்தோப்பில் கிடை போடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காய் பறிப்பு முடிந்ததும் ஒரு தரகர் தோப்புத் தோப்பாக வருகிறார். "செம்மறிக் கிடை போட்டுத் தர்றேன், புல்லும் ஒழியும், எருவும் சேரும்" என்பார். கிடை என்றால் மந்தையைத் தோப்பிலேயே மேயவிட்டு, ராத்திரி அங்கேயே அடைத்து வைப்பது. பேச்சில் தேன் ஒழுகும்.

எங்களிடம் பேசியது இது: முழுக்க வேம்பூர்ச் செம்மறி, ராத்திரி வலைக்குள் அடைப்பு, பகலில் விவரமான ஆள் கூடவே நிற்பார், பாதிப் பணம் முன்னால். வண்டி வந்ததே நன்றாக இருட்டிய பிறகுதான். விடிந்து பார்த்தால், பொட்டுப் பொட்டான வேம்பூர் ஆடுகளுக்கு நடுவில் முகத்தில் வெள்ளைக் கோடு போட்ட கன்னி இன ஆடுகள், அதாவது வெள்ளாடுகள். வலை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. காவலுக்கு ஒரு சின்னப் பையன். தரகரின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

செம்மறி பெரும்பாலும் தலை குனிந்து புல் மேயும். புல் தீர்ந்தால் அதுவும் பட்டையைக் கடிக்கும், அதனால்தான் வலையை அடிக்கடி மாற்றுவது. வெள்ளாட்டுக்குத் தழைதான் பிரியம். பின்னங்காலில் எழுந்து நின்று கொழுந்தை இழுக்கும், பட்டையை உரிக்கும். எங்கள் சப்பட்டை ரக மா ஒட்டுக்கன்றுகள் பலவற்றில் ஒட்டுக்கு மேலே ஒன்றுமே இல்லை. கீழே நாட்டுக் குச்சி மட்டும் நிற்கிறது. இனி அது துளிர்த்தாலும் சப்பட்டை காய்க்காது.

வளர்ந்த மரங்களின் கதை வேறு. சிலவற்றில் இடுப்பளவில் சுற்றிலும் பட்டை போய், வெள்ளைக் கட்டை தெரிந்தது. ஒருவழியாகத் தரகர் வந்தார், அண்ணாந்து பார்த்தார். "இலை பச்சையாத்தானே இருக்குங்கண்ணே, மரத்துக்கு என்ன ஆச்சு?" என்றார். அவர் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறிக்கொண்டிருக்கும், அதனால் இலை உடனே வாடாது. இலை சமைக்கும் உணவு வேருக்கு இறங்கும் வழிதான் பட்டை. அது சுற்றிலும் அறுந்தால் வேர் பட்டினி கிடந்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மரம் போகும். அதற்குள் அவர் மீதிப் பணத்தையும் கேட்டு நிற்பார். நாங்கள் கொடுக்கவில்லை, கொடுத்த முன்பணமும் திரும்பவில்லை.

பாதிப் பட்டை மிஞ்சிய மரங்களுக்கு, காயத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க போர்டோ பசை தடவியிருக்கிறோம். மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். அதைத் தடவிய தோப்பில் இப்போதைக்கு நல்ல செம்மறியைக்கூட விட முடியாது. மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரம் செம்மறிக்கு ஆகாது. ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் திடீரென்று காமாலை கண்டு, மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போய் விழுந்துவிடும். வெள்ளாடு இதைக் கொஞ்சம் தாங்கும்.

விவரம் தெரிந்த கீதாரி, அதாவது கிடைக்காரர், விலை பேசுவதற்கு முன்பே "மருந்து எப்ப அடிச்சீங்க, என்ன மருந்து?" என்று கேட்பார். இந்த ஆள் அதைக் கேட்கவே இல்லை. பகலில் ஆடு இறக்கச் சொல்லுங்கள், வெள்ளாடு ஒன்று தென்பட்டாலும் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். மீதிப் பணத்தை, கிடை கிளம்பும் அன்று மரம் மரமாக அடித்தண்டைப் பார்த்த பிறகு கொடுங்கள். அந்தத் தரகர் அடுத்து சேத்தூர்ப் பக்கம் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.