சன் பிலிமா, யூவி கட் கண்ணாடியா, வலைத்திரையா? இன்சூரன்ஸையும் சேர்த்து ஒரு கணக்கு

கார் கண்ணாடி வழியாக வரும் வெயிலைக் குறைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. கண்ணாடியில் சன் பிலிம் ஒட்டலாம், யூவி கட் கண்ணாடி வரும் வேரியன்ட்டாகப் பார்த்து வாங்கலாம், இல்லையென்றால் கதவில் மாட்டிக் கழற்றும் வலைத்திரை. போன கத்திரி தொடங்குவதற்கு முன் நான் பிலிம் ஒட்டினேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

வலைத்திரை விலை குறைவு, பின் சீட்டில் தூங்கும் குழந்தைக்கு நல்லது. ஆனால் முன் கதவில் மாட்டினால் சைடு மிரர் மங்கிவிடும். சட்டத்திலும் அதற்குத் தனிச் சலுகை கிடையாது. 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கறுப்பு பிலிமோடு நிற்காமல், கண்ணாடி மேல் வேறு எந்தப் பொருளும் கூடாது என்றது. கேரளத்தில் 2021 ஜனவரியில் ‘ஆபரேஷன் ஸ்க்ரீன்’ என்று பெயர் வைத்தே திரைச்சீலை போட்ட வண்டிகளைப் பிடித்தார்கள். வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது மாட்டிக்கொள்ளுங்கள், ஓட்டும்போது வேண்டாம்.

யூவி கட் கண்ணாடி வெயிலைத் தடுக்கும் என்று ஷோரூமில் சொல்வது பாதி உண்மை. புற ஊதாவை அது தடுக்கும்; முழங்கை கறுக்காது, டேஷ்போர்டு சீக்கிரம் வெளுக்காது. ஆனால் வெயிலின் ஆற்றலில் புற ஊதாவின் பங்கு சில சதவீதம்தான். ஏறக்குறைய பாதி அகச்சிவப்பு. தொடையில் சுரீரென்று உறைப்பதில் பெரும்பங்கு அதனுடையது. முன் கண்ணாடியோ லேமினேட் செய்தது, நடுவில் இருக்கும் படலமே புற ஊதாவைப் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. இந்தக் கண்ணாடியின் உண்மையான லாபம் நிம்மதிதான்: கம்பெனியே போட்டுத் தருவதால் போலீஸிடமும் பேச்சில்லை, இன்சூரன்ஸிடம் தனியாகச் சொல்லவும் ஒன்றுமில்லை. புது வண்டி எடுப்பவருக்கு வேரியன்ட் விலை வித்தியாசம் கட்டுப்படியானால் இதுவே போதும். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவருக்குத்தான் இதனால் உபயோகமில்லை.

இனி பிலிம். மத்திய மோட்டார் வாகன விதி 100-ன்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 சதவீதம். 2012 ஏப்ரல் 27 தீர்ப்பு எந்தச் சதவீத பிலிமும் கூடாது என்றது. பிறகு விதியையே திருத்தி, 2021 ஏப்ரல் 1 முதல் ஐஎஸ் 2553 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்ட ‘சேஃப்டி கிளேசிங்’கையும் (உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடி) சேர்த்தார்கள். அந்தத் திருத்தத்தை வைத்து, அளவுக்குள் இருந்தால் பிலிம் ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டு டிராபிக் போலீஸைக் கட்டுப்படுத்தாது. தீர்ப்பின் நகலை நீட்டிப் பேசிப் பார்க்கலாம், அவர் சலான் போட்டால் போட்டதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500. இந்த ரிஸ்க் வேண்டாம் என்பவர் இங்கேயே யூவி கட் பக்கம் போய்விடலாம்.

ஒட்டுவது என்று முடிவானால் சதவீதக் கணக்கைக் கவனியுங்கள்; 50 பிலிம் என்றால் 50 சதவீத வெளிச்சத்தை விடும் பிலிம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நான் போன கடையில், “சைடுக்கு அம்பதுதானே சார் சட்டம், அம்பதே ஒட்டிடலாம்” என்றார்கள். கண்ணாடியே கொஞ்சம் வெளிச்சத்தை விழுங்கும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை வைக்கச் சொன்னேன். என் கதவுக் கண்ணாடி வெறுமனே 76 காட்டியது. அதன் மேல் 50 பிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 38. 70 பிலிம் ஒட்டினேன், 53 வந்தது. முன் கண்ணாடியும் இதே 76 என்று வைத்தால் 90 பிலிம்கூட 70-ஐத் தொடாது. அங்கே ஒட்ட இடமே இல்லை. முன்னும் பின்னும் வெறுமனே விட்டுவிட்டேன். 70 பிலிம் கறுப்பாகத் தெரியாது, உள்ளே இருக்கும் முகம் தெரியும். அகச்சிவப்பை அதிகம் தடுக்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். கடையில் சூட்டு விளக்கு முன்னால் மாதிரிக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்கள். கையை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

என் முடிவைத் தீர்மானித்தது இன்சூரன்ஸ்தான். “இதெல்லாம் கம்பெனிக்குச் சொல்லாதீங்க, வம்பு” என்பார் ஏஜென்ட். நான் சொன்னேன். பிலிமின் பெயர், சதவீதம், வண்டி எண் மூன்றும் உள்ள ஜிஎஸ்டி பில்லும் மீட்டர் படமும் வைத்து மெயில் அனுப்பி, எலக்ட்ரிகல் அல்லாத அக்சசரியாகச் சேர்க்கக் கேட்டேன். சிறு தொகை பிரீமியம் கூடியது, பாலிசியில் சேர்த்ததற்கான எண்டார்ஸ்மென்ட் காகிதம் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதத் தயங்க வைக்கிற பிலிம் என்றால் அதை ஒட்டவே வேண்டாம் என்பது என் கட்சி. மீட்டரில் 38 காட்டும் பிலிமை யாராவது மெயிலில் எழுதுவார்களா?

இதனால் பெரிய பணம் வரும் என்று நினைக்க வேண்டாம். கதவுக் கண்ணாடி உடைந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், அது நல்ல விஷயம். ஆனால் 1500 சிசி வரை நம் கையிலிருந்து போகும் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். 3,000 ரூபாய்க் கண்ணாடிக்கு 2,000 வாங்கப் போய், அடுத்த புதுப்பித்தலில் கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்காக 50 சதவீதம் வரை கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸை இழப்பது யாருக்கும் கட்டாது. அந்த ஒரு கண்ணாடியையும் அதற்கான பிலிமையும் கைக்காசில் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். சொல்லி வைத்தது கைகொடுப்பது வெள்ளம், திருட்டு, டோட்டல் லாஸ் மாதிரி நேரத்தில். பிலிமின் மதிப்பும் ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) சேர்ந்திருக்கும், சர்வேயர் கண்ணாடியைப் பார்த்துப் புருவம் உயர்த்தினால் நீட்டக் காகிதமும் இருக்கும். பிலிமைக் காரணம் காட்டிப் பெரிய கிளெய்மைக் குறைப்பதை நான் நேரில் பார்த்ததில்லை. எனக்கு அந்த அளவுக்கு விபத்து அனுபவமும் இல்லை. என் பிலிம் பார்த்தது ஒரே ஒரு கோடையைத்தான், ஐந்தாவது வருஷம் ஓரம் உரியுமா என்பதற்கும் பதில் கேட்காதீர்கள்.

புதுப்பிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆன்லைனில் கம்பெனி மாற்றினால் அக்சசரி மதிப்புக் கட்டம் பெரும்பாலும் காலியாகவோ பூஜ்யமாகவோ வரும். தேய்மானம் கழித்த மதிப்பை நீங்களே போட வேண்டும்: வண்டிக்கு ஒரு வயது தாண்டினால் 20 சதவீதம், இரண்டு தாண்டினால் 30. பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.