ஆன்லைன்ல எச்ஐஎம் (ஹெல்த் இன்ஃபர்மேஷன் மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் ரெக்கார்ட்ஸ் நிர்வாகம்) டிகிரி, கூடவே தலையில கட்டுன ஹியூமானிட்டீஸ்: முடிச்சுட்டு எழுதற ரிவ்யூ

சென்னையில அஞ்சு வருஷம் மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் பில்லுக்காக கோட் நம்பரா மாத்தற வேலை) பாத்துட்டு கல்யாணமாகி எச்4-ல, அதாவது வேலை விசால இருக்கறவங்க குடும்பத்துக்குக் குடுக்கற விசால, நியூ ஜெர்சி வந்தவ நான். கோடிங்குக்கான சிபிசி சர்டிஃபிகேட் கையில இருக்கு, அது போதும்னு நெனச்சேன். இங்க ஹாஸ்பிடல் ரெக்கார்ட்ஸ் வேலை தேடினா எங்க பாத்தாலும் ஆர்எச்ஐடி-ங்கற ரெக்கார்ட்ஸ் சர்டிஃபிகேட் இருக்கான்னு கேக்கறாங்க. சிபிசி மாதிரி புக்கை வாங்கி வீட்ல உருட்டிட்டு நேரா போய் எழுதற பரீட்சை இல்ல அது, சிஏஎச்ஐஐஎம் (இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் குடுக்கற அமைப்பு) அங்கீகாரம் இருக்கற காலேஜ்ல அசோசியேட் டிகிரி, அதாவது ரெண்டு வருஷ டிகிரி முடிச்சிருக்கணும். எச்4-ல வேலைக்குதான் இஏடி-ங்கற வேலை அனுமதி அட்டை வேணும், படிக்கறதுக்கு வேண்டாம், அதனால சும்மா உக்காந்திருக்கறதுக்குன்னு வேற ஸ்டேட்ல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ஆன்லைன்ல சேந்துட்டேன். காலேஜ் பேரு வேண்டாம்.

கோடிங் பேப்பர் எல்லாம் நமக்கு தண்ணி பட்ட பாடு. கோழி கொத்துனா அதுக்கும் ஒரு கோட், டபிள்யூ61.33-னு க்ளாஸ்ல எல்லாரும் சிரிச்சப்போ எனக்கு சிரிப்பே வரல, அதையெல்லாம் ப்ரொடக்‌ஷன் டார்கெட்டோட பாத்தாச்சு. ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர்தான் வேஸ்ட். வீடியோல ஒரு மேடம் "ஐசிடி-10 சீக்கிரமே வரப்போகுது, தயாரா இருங்க"ங்கறாங்க. நாங்க பாக்கற நோய் கோட் லிஸ்ட்தான் ஐசிடி-10. அது இங்க வந்தது 2015 அக்டோபர் 1. காசு வாங்கறவங்க வீடியோவையாவது மாத்தலாம்.

காசு குடுத்தது வீண் போகலன்னு தோணுன இடம் மாஸ்டர் பேஷன்ட் இண்டெக்ஸ். ஒரு ஆளுக்கு ஒரு நம்பர், அவ்வளவுதான் விஷயம், ஆனா அது எவ்வளவு சுலபமா கெட்டுப்போகுதுன்னு ஒரு டம்மி சாஃப்ட்வேர்ல ரெண்டு ரெண்டு ரெக்கார்டா காட்டி இது ஒரே ஆளா வேற வேற ஆளான்னு கேப்பாங்க. செஞ்சுட்டிருக்கும்போதே எனக்கு என் கதை ஞாபகம் வந்துருச்சு. என் பாஸ்போர்ட்ல சர்நேம் கிடையாது, ஒத்தப் பேருதான், அதனால விசாவுல பேரு இருக்க வேண்டிய இடத்துல எஃப்என்யூ (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், முதல் பேரு தெரியல)-ன்னு அடிச்சு குடுத்துட்டாங்க. டாக்டர் க்ளினிக்ல நான் எஃப்என்யூ. அதே ஹாஸ்பிடலோட எமர்ஜென்சில ஒரு நாள் ராத்திரி வீட்டுக்காரர் பதட்டத்துல அவர் பேரை என் லாஸ்ட் நேமா சொல்லிட்டாரு. ஆக எனக்கு ரெண்டு சார்ட். பென்சிலின் அலர்ஜி ஒண்ணுலதான் இருக்கு! இதை அசைன்மென்ட்ல எழுதினேன், நம்ம ஊர்ல இனிஷியல்ங்கறது அப்பா பேரு, குடும்பப் பேரு இல்லன்னும் ஒரு பாரா சேத்தேன். மேடம் அடுத்த பேட்ச்சுக்கு இதையே பயிற்சியா வெச்சுக்கலாமான்னு கேட்டாங்க, சரின்னுட்டேன்.

இப்போ ஹியூமானிட்டீஸ், அதாவது மொழி, தத்துவம் மாதிரி பாடங்க. மைக்ரோபயாலஜி டிகிரில தமிழ், இங்கிலீஷ் எல்லாம் படிச்சுதான வந்தோம், அது செல்லாதாம், இங்க 3 க்ரெடிட் எடுத்தே ஆகணுமாம். திட்டிக்கிட்டேதான் மெடிக்கல் எத்திக்ஸ் எடுத்தேன். புதன்கிழமைக்குள்ள ஒரு போஸ்ட், ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு பேருக்கு பதில், பாதிப் பேர் "அருமையான கருத்து"ன்னு போட்டுட்டு போயிடுவாங்க, நானும் போட்டிருக்கேன்.

ஆனா ஹென்ரியட்டா லாக்ஸ் வாரம் வேற மாதிரி. 1951-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல கர்ப்பப்பை வாய் கேன்சர்னு போனவங்க, அவங்களைக் கேக்காமலே செல்லை எடுத்து வளத்தாங்க, அதே வருஷம் அக்டோபர் 4 அன்னிக்கு 31 வயசுல செத்துப் போனாங்க. ஹீலான்னு பேர் வெச்ச அந்த செல் உலகத்துல இருக்கற லேபுக்கெல்லாம் போச்சு, குடும்பத்துக்குத் தெரியவே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. மெடிக்கல் ரெக்கார்டுல இருந்த விஷயங்க கூட வீட்ல கேக்காம அச்சுல வந்திருக்கு. எனக்கு அங்கதான் இடிச்சுது, ஏன்னா அதே மாசம் லீகல் பேப்பர்ல மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன், ஹிப்பா (நோயாளி தகவலைப் பாதுகாக்கற அமெரிக்கச் சட்டம்) படி ஒருத்தர் இறந்து 50 வருஷம் வரைக்கும்தான் அவங்க ரெக்கார்டுக்கு பாதுகாப்பு, 2013-ல வெச்ச ரூல். கூட்டிப் பாருங்க. லாக்ஸுக்கு அந்தக் கணக்கு 2001-லயே முடிஞ்சுடுது. பேரப்பிள்ளைங்க இன்னும் இருக்காங்க. இதை போஸ்ட்ல போட்டதும் முத தடவையா யாரும் அருமையான கருத்துன்னு எழுதல, சண்டையே நடந்துச்சு. லீகல் சார்கிட்டயும் கேட்டேன், ஹிப்பா குறைஞ்சபட்சம்தான், ஸ்டேட் சட்டம் அதைவிட கறாரா இருந்தா அதுதான் நிக்கும்னாரு.

குறைன்னா, ப்ராக்டிகல் ட்ரெய்னிங்குக்கு ஹாஸ்பிடலை நாமளே தேடிக்கணும், அதை சேரும்போது ஒருத்தரும் சொல்லல. பதினொரு இடத்துக்கு மெயில் போட்டேன். அட்வைஸர் ஒரு மெயிலுக்கு பதில் சொல்ல ஒன்பது நாள். வெளி ஸ்டேட்ங்கறதால ஃபீஸும் ஜாஸ்தி, பக்கத்துலயே அங்கீகாரம் உள்ள காலேஜ் இருந்தா அதையே பாருங்க, சேர்றதுக்கு முன்னாடி சிஏஎச்ஐஐஎம் லிஸ்ட்ல பேரு இருக்கான்னு நீங்களே பாத்துருங்க, காலேஜ் சொல்றதை நம்பாதீங்க.

அஞ்சுக்கு மூணரை குடுக்கலாம், அந்த அரை எத்திக்ஸ் க்ளாஸுக்கு. என்னோட ரெண்டு சார்ட்டையும் ஒண்ணா சேக்கச் சொல்லி ஃபார்ம் குடுத்து மூணு மாசம் ஆச்சு, போன வாரம் எஃப்என்யூ-க்கு தனியா ஒரு பில் வந்திருக்கு.