புது ஊரில் மூன்று சபைகள்: எதில் போய்ச் சேருவது?

கல்யாணமாகி நான்காம் மாதம் என் கணவருக்கு வேலை மாற்றல் வந்தது. சொந்தக்காரர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லாத ஊர். வாடகை வீட்டை மூன்றே வாரத்தில் பேசி முடித்துவிட்டோம். ஞாயிறு ஆராதனைக்கு எந்தக் கிறிஸ்தவச் சபையில் சேருவது என்று முடிவெடுக்க ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும் மாறி மாறிப் போய்வந்த மூன்று வகைச் சபைகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் இளம் தம்பதிகளுக்கு அதில் பாதி அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். ஒரு ஞாயிறு நாம் வராவிட்டால் அங்கே யாருக்காவது தெரியுமா? பாட்டு, பிரசங்கம், கட்டடம், பார்க்கிங் வசதி எல்லாம் இதற்குப் பிறகுதான். ஆரம்பத்தில் நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. நல்ல பிரசங்கம் எங்கே என்றுதான் தேடினோம்.

பெரிய சபை

முதலில் போனது இங்கேதான். ஒரே நாளில் மூன்று ஆராதனை, பயிற்சி பெற்ற பாடகர் குழு, ஒரு வார்த்தை வீணாகாத பிரசங்கம். இளம் தம்பதிகளுக்கென்று தனி வகுப்பும் உண்டு. வாசலில் புன்னகையோடு கை கொடுத்தார்கள், இடம் பார்த்து உட்கார வைத்தார்கள். யார், எவர், எப்போது ஞானஸ்நானம் எடுத்தீர்கள் என்று யாரும் குடையவில்லை. பழைய சபையில் மனம் நொந்து வந்தவர்களுக்கு இந்த அமைதியே மருந்து. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பதினான்கு ஞாயிறு தொடர்ந்து போனோம். பதினான்காவது ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்தபோது, வரவேற்புக் குழுவில் இருந்த ஒரு சகோதரி என் கையைப் பிடித்து, "முதல் தடவையா வர்றீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். முதல் ஞாயிறு என்னை வரவேற்றதும் அவர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை முகங்களை ஒருவர் எப்படி நினைவில் வைப்பார்? ஆனால் வீடு வரும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பெரிய கூட்டத்தில் ஒருவரையொருவர் அறிவது நடக்காத காரியம் அல்ல. இங்கிலாந்துப் போதகர் ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் இயக்கத்தில் 1742-இல் பிரிஸ்டல் நகரில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. கட்டடக் கடனை அடைக்க, ஆட்களைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவரை வைத்தார்கள். வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வாங்க அவர் வீடு வீடாகப் போவார். போன இடத்தில் யார் எப்படி இருக்கிறார்கள் என்பதும் தெரியவந்தது. கடனுக்காகப் பிறந்த அந்தக் குழுக்கள்தான் பிறகு அந்த இயக்கத்தின் முதுகெலும்பாயின. எனவே பெரிய சபைதான் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றால், ஞாயிறு ஆராதனைக்குப் போவதோடு சேர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். வாரநாளில் கூடும் வீட்டுக்குழுவில் இடம் கேளுங்கள். காத்திருப்போர் பட்டியல் என்று சொன்னால் பெயரைக் கொடுத்துவிட்டு மறுவாரமும் கேளுங்கள். நாங்கள் செய்த தவறு, அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தது.

பக்கத்துத் தெருச் சின்னச் சபை

நடந்துபோகிற தூரம். நாற்பது, ஐம்பது பேர். மைக் அடிக்கடி கரகரக்கும். பாஸ்டர் வாரநாளில் வேறு வேலை பார்ப்பவர், பிரசங்கம் சில வாரம் ஒட்டாமல் போகும். மொழியும் எங்களுக்குப் பாதிதான் புரிந்தது.

மூன்றாவது வாரம் எனக்குக் காய்ச்சல். அவர் மட்டும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் கதவைத் தட்டும் சத்தம். அந்தச் சபையின் வயதான அம்மா ஒருவர், கையில் ஃப்ளாஸ்க்கோடு நின்றார். உள்ளே வந்து, பேச்சு எதுவும் வளர்க்காமல், என் நெற்றியில் இருந்த ஈரத்துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து திரும்பப் போட்டார். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நாள்காட்டியின் பழைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஒரு டாக்டரின் நம்பரையும் தன் நம்பரையும் எழுதித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு சின்ன ஜெபம். மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். அந்தத் தாளை இன்னும் என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

சின்னச் சபை என்பது வளராமல் நின்றுபோன சபை என்று ஒரு எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற இடத்தில் கி.பி. 240 வாக்கிலான வீட்டுச் சபை ஒன்று அகழாய்வில் கிடைத்தது. ஒரு குடும்ப வீட்டில் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். இன்னொரு அறையில் ஞானஸ்நானத் தொட்டி. அந்தக் கூடத்தில் எழுபது பேர் உட்கார்ந்தாலே நெரிசல்தான். அவ்வளவு பேர் கூடிய இடமும் முழுமையான சபைதான்.

குறையையும் சொல்ல வேண்டும். சின்னச் சபையில் ஒரே ஒருவர் சொல்வதே சட்டம் என்று ஆகிவிடும் ஆபத்து அதிகம். காணிக்கைக் கணக்கை வருடத்துக்கு ஒருமுறையாவது எல்லார் முன்பும் வாசிக்கிறார்களா, பாஸ்டரிடம் கேள்வி கேட்கக்கூடிய மூப்பர்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் அன்பு எத்தனை இருந்தாலும் சேராதீர்கள்.

இன்னொன்று, இளம் தம்பதி என்றதும் வேலை வந்து குவியும். ஓய்வுநாள் பள்ளி, கீபோர்டு, பாடல் வரிகளைத் திரையில் போடுவது, வாலிபர் கூட்டம் என்று இரண்டாம் மாதமே நான்கு பொறுப்பு எங்கள் தலையில். ஞாயிறு இரவு இருவரும் சோர்ந்துபோய் ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொள்வோம். உபாகமம் 24:5 புதிதாக மணமுடித்தவனுக்கு ஒரு வருடம் போருக்குப் போவதிலிருந்தும் மற்றப் பொறுப்புகளிலிருந்தும் விலக்குக் கொடுக்கிறது, வீட்டில் இருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்த. அதை பாஸ்டரிடமே எடுத்துக் காட்டி, முதல் வருடம் இருவரும் சேர்ந்து செய்கிற ஒரே ஒரு வேலை போதும் என்று கேட்டுக்கொண்டோம். ஒத்துக்கொண்டார்.

தூரத்துத் தாய்மொழிச் சபை

இரண்டு பஸ் மாறி ஒன்றரை மணி நேரம். முதல் பாட்டின் இரண்டாம் வரியிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. வேற்று மொழியில் ஜெபம் பண்ணப் பழகலாம், பாவ அறிக்கை மட்டும் தாய்மொழியில்தான் முழுதாக வெளியே வருகிறது. மொழி சாதாரண விஷயம் இல்லை என்பது எருசலேம் சபைக்கே தெரிந்திருந்தது. அப்போஸ்தலர் 6-இல், கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டதால் ஏழு பேரை நியமிக்கவேண்டி வந்தது.

ஆனால் அங்கே பேச்செல்லாம் விட்டுவந்த ஊரைப் பற்றியே இருந்தது. அதோடு, ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருப்பவர்கள் நடுராத்திரி ஆபத்துக்கு வர முடியாது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு நாம் போகவும் முடியாது. வந்த புதிதில் முதல் இரண்டு மாதம் இங்கே போவது நல்லது, மனசு தேறும். அதன் பிறகும் இதுவே எங்கள் ஒரே சபை என்று இருந்தால், வசிக்கிற தெருவில் ஒருவரையும் தெரியாமலே வருடங்கள் ஓடிவிடும்.

பழைய சபையின் ஆராதனையை போனில் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பதை நான் போட்டியில் சேர்க்கவில்லை. உடம்பு முடியாத நாளுக்கு அது போதும்.

கத்தோலிக்க நண்பர்களுக்குக் கேள்வியே வேறு. பங்கு, அதாவது ஓர் ஆலயத்துக்கு உட்பட்ட பகுதி, பெரும்பாலும் எல்லை வகுத்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, ஓர் இடத்தில் மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு குடியேறினாலே அந்தப் பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தை ஆகிவிடுவார். எங்கே என்ற அலைச்சல் இல்லை. அறிமுகம் செய்துகொள்ளவேண்டிய வேலை மட்டும் அவர்களுக்கும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்குள் ஒரு ஒப்பீடு

எங்களுக்கு உண்மையான இழுபறி இங்கேதான். நான் குழந்தை ஞானஸ்நானமும் அச்சிட்ட ஆராதனை முறையும் உள்ள சபையில் வளர்ந்தவள். அவர் வளர்ந்தது, விசுவாசித்த பிறகு முழுக்கு என்று போதிக்கும் சபையில். ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பும்போது, "இங்க சத்தம் ஜாஸ்தி" என்று நானும், "அங்க உயிரே இல்லையே" என்று அவரும் ஆரம்பிப்போம். ஒருநாள் உட்கார்ந்து ஆளுக்கொரு தாளில் எழுதினோம். எதை விடவே முடியாது, எது இல்லாமல் வருத்தம் வரும், எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. எனக்கு விடமுடியாதது ஒழுங்காக நடக்கும் திருவிருந்து. அவருக்கு, வேதத்தை வரிவரியாக விளக்கும் போதனை. குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம் எப்போது என்பதை இருவருமே நடுக்கட்டத்தில் எழுதியிருந்தோம். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் சண்டையில் பாதி பழக்கத்தைப் பற்றியது என்று புரிந்தது. கல்யாணத்துக்கு முன்பே இதைப் பேசியிருக்க வேண்டும். புதிதாக ஊர் மாறுகிறவர்கள் முதல் சபையைப் பார்க்கப் போகும் முன் இதை எழுதிவிடுங்கள்.

ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் எனக்கு அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள். கிலவுதியு பேரரசரின் கட்டளையால் ரோமாபுரியை விட்டுக் கொரிந்துக்கு வந்த தம்பதி. கூடாரம் செய்கிற தொழில். பிறகு எபேசு, பிறகு மறுபடி ரோமாபுரி. புதிய ஏற்பாட்டில் ஆறு இடத்தில் வருகிறார்கள், ஆறிலும் இருவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. அதைப் படித்த பிறகு, எங்கள் வாடகை வீட்டு முன்னறையில் எத்தனை பாய் விரிக்கலாம் என்று அளந்து பார்த்தோம். ஆறு.

எங்கள் முடிவு சின்னச் சபை. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் தாய்மொழி ஆராதனை, அதை பாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். பெரிய சபையின் தம்பதியர் வகுப்புக்கு இன்னும் போகிறோம், அது அவ்வளவு நல்ல வகுப்பு.

பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு போனோம். கெங்கிரேயா ஊர்ச் சபையிலிருந்து போன பெபேயாள் என்ற சகோதரிக்கே ரோமர் நிருபத்தில் பவுல் அறிமுகம் எழுதிக் கொடுத்தாரே! பாஸ்டர் அதை நின்றபடியே படித்தார், மேசை இழுப்பறையிலிருந்து சபைப் பதிவேட்டை எடுத்தார், எங்கள் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். என் பெயரில் ஒரு எழுத்தைத் தவறாக எழுதி, அடித்து, மறுபடி திருத்தி எழுதினார்.