ஜிஆர்இ கணக்குக்குப் பத்து மாதம்: கல்குலேட்டரை மூடிவைத்த பிறகுதான் வேகம் வந்தது

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு, பகலில் பாடசாலை வேலை, இரவில் கொப்பியும் பென்சிலும் என்று பத்து மாதம், வெளிநாட்டில் பட்ட மேற்படிப்புக்குக் கேட்கும் ஜிஆர்இ பரீட்சையின் கணக்குப் பகுதிக்குப் படித்தேன். எது உதவியது, எதில் நேரம் வீணானது என்று சொன்னால் நம் பக்கத்துப் பிள்ளைகள் யாருக்காவது பயன்படும்.

2023 செப்டம்பரிலிருந்து பரீட்சையைச் சுருக்கிவிட்டார்கள். கணக்கில் இரண்டு பகுதி, முதலாவதில் 12 கேள்விக்கு 21 நிமிடம், அடுத்ததில் 15 கேள்விக்கு 26 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட முழுதாக இல்லை. திரையிலேயே கல்குலேட்டர் தருகிறார்கள். பள்ளியில் சாதாரண தரப் பரீட்சையை மடக்கை அட்டவணையைப் புரட்டி எழுதிய எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதனால் முதல் மூன்று மாதம் எல்லாவற்றையும் அதில் தட்டித் தட்டியே பழகினேன். பிறகு பரீட்சையை நடத்துகிறவர்களே தரும் பவர்பிரெப் என்ற பயிற்சித் தொகுப்பின் இரண்டு இலவசப் பரீட்சைகளில் முதலாவதைச் செய்தபோது கடைசி நான்கு கேள்விகளைத் தொடவே நேரமில்லை. 151 வந்தது.

இடையில் காசு கட்டி ஒரு பயிற்சிச் செயலியும் எடுத்தேன். கேள்விகள் நல்லவைதான், ஆனால் சிக்னல் இல்லாமல் திறக்காது. எங்கள் பக்கம் மழை பிடித்தால் சிக்னலும் போய்விடும். ஒரு மாதக் காசில் பாதி நாள் கூடப் பயன்படுத்த முடியவில்லை.

திருப்பம் வீட்டிலிருந்துதான் வந்தது. அம்மா கொழுந்து எடுக்கிறவர். மூன்று நிறுவைக்கும் ஏழு, ஒன்பது, ஆறரை கிலோ என்றால், ஒவ்வொன்றிலும் சாக்குக்கு அரைக் கிலோ கழித்து இருபத்தொன்று என்று, எழுதுகிறவர் கூட்டி முடிப்பதற்குள் சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டேன். "ஒன்பதப் பத்தாக்கிக்க, பொறகு ஒன்ன எடுத்துரு" என்றார். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து நானும் அப்படியே செய்தேன். 19 × 15 என்றால் 20 × 15 போட்டு 15ஐக் கழி, 285. 17 × 23 என்றால் இரண்டுமே 20க்கு மூன்று தள்ளி நிற்கின்றன, 400இல் 9 போக 391. இதைக் கல்குலேட்டரில் தட்டும் நேரத்தில் பாதிகூடத் தேவையில்லை.

அப்புறம் பின்னங்கள். எட்டில் மூன்று 0.375, எட்டில் ஐந்து 0.625 என்று ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன், தேத்தண்ணி கொதிக்கும் வரை அதைப் பார்த்தபடி நிற்பேன். மூன்று வாரத்தில் சதவீதக் கணக்குகள் பாதி லேசாகிவிட்டன. 20 சதவீதம் கூட்டி அதே 20 சதவீதம் குறைத்தால் 100 மறுபடி 100 ஆகாது, 96தான் என்பது அதற்குப் பிறகு யோசிக்காமலே வந்தது.

பிழைக் கொப்பி ஒன்றும் வைத்தேன், அதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். தப்பிய கேள்வியை எழுதி, பக்கத்தில் ஏன் தப்பியது என்று ஒரே வரி. நாற்பது பக்கம் தாண்டியதும் தெளிவாகத் தெரிந்தது, கூட்டல் பெருக்கலில் பிழைத்தவை கொஞ்சம்தான். கேள்வி x நிறைவெண் (முழு எண்) என்று சொல்லாதபோதும் நானாக நிறைவெண் என்று எடுத்துக்கொண்டதுதான் அதிகம். இரண்டு அளவுகளை ஒப்பிடும் கேள்விகளில் இந்தப் பொறி நிறைய உண்டு. xஇன் வர்க்கம் பெரிதா, x பெரிதா? 2 போட்டால் ஒரு விடை, அரை போட்டால் வேறு விடை, ஆகவே தீர்மானிக்க முடியாது என்பதே சரி. இப்போது 0, 1, அரை, கழித்தல் 2 என்று நான்கையும் போட்டுப் பார்க்காமல் விடையைத் தொடுவதில்லை.

வீட்டிலிருந்தே எழுதும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதற்குத் தனி அறை வேண்டும், சாதாரணத் தாளில் செய்கை எழுதவும் விடமாட்டார்கள், அழிக்கக்கூடிய வெள்ளைப் பலகை மாதிரி ஏதாவதுதான். லயத்து வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? முதல் நாளே ரயிலில் கொழும்புக்கு இறங்கி, பரீட்சை நிலையத்தில் எழுதினேன். கணக்கில் 163. கல்குலேட்டரை மொத்தமாக ஐந்தாறு தடவை திறந்திருப்பேன், எல்லாம் தரவு அட்டவணைக் கேள்விகளுக்கு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இலவசப் பரீட்சை இரண்டையும் ஆரம்பத்திலேயே செய்து முடித்துவிடாதீர்கள், இரண்டாவதைக் கடைசி மூன்று வாரத்துக்கு வைத்திருங்கள்.