"காலேஜுக்குப் போகாமலே ரெகுலர் பி.எட்." என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருடமாக யோசித்தேன். போன வாரம் எங்கள் தெருவில் டிகிரி முடித்த ஒரு பெண் கையில் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து "அக்கா, இது நல்லதா?" என்று கேட்டாள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஆபீஸ் பெயர்தான் வேறு, மற்றபடி நான் ஏமாந்த அதே வாசகங்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பி.எஸ்சி. கணிதம். அறந்தாங்கிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் 2018 முதல் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன், சம்பளம் 9,000. பி.எட். இல்லாததால் ஒவ்வொரு மே மாதமும் அடுத்த வருடம் வைத்துக்கொள்வார்களா என்ற பயம் இருக்கும். கொரோனாவில் பாதிச் சம்பளம்தான் வந்தது. அந்த நேரத்தில், 2021 ஆகஸ்டில், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் செல்போன் கடை மாடியில் இருந்த ஒரு அட்மிஷன் ஆபீஸுக்கு என்னை ஒரு சக ஆசிரியை கூட்டிப்போனார். அவரும் அங்கேதான் சேர்ந்திருந்தார், அவரும் என்னைப் போலவே ஏமாந்தவர், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்த ஆள் பேசியது இப்படித்தான்: "மேடம், வடக்கே ஒரு யுனிவர்சிட்டி, என்.சி.டி.இ. அப்ரூவல் இருக்கு, ரெகுலர் டிகிரி, நீங்க வேலையை விட வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்." அஞ்சல் வழியா என்று கேட்டேன். "இல்ல மேடம், அஞ்சல் வழின்னா வேலைக்கு ஆகாது, இது ரெகுலர்" என்றார். என்.சி.டி.இ. என்பது பி.எட். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் மத்திய அமைப்பு, அதன் அங்கீகார ஆணையைக் காட்டினார். நான் வீட்டுக்கு வந்து என்.சி.டி.இ. இணையதளத்தில் தேடிப் பார்த்தேன், அந்தக் கல்லூரியின் பெயர் நிஜமாகவே பட்டியலில் இருந்தது. அதோடு என் சந்தேகம் தீர்ந்துவிட்டது. நான் செய்த பெரிய தப்பு அதுதான். பட்டியலில் கல்லூரி இருப்பது வேறு, அந்தக் கல்லூரியின் மாணவர் பதிவில் நம் பெயர் இருப்பது வேறு. இது எனக்கு உறைக்க மூன்று வருடம் ஆனது.

மொத்தம் 1,10,000 ரூபாய். வளையலை அடகு வைத்து முதலில் 40,000 கட்டினேன். ரசீது கேட்டதற்கு "யுனிவர்சிட்டியிலிருந்து வரும்" என்றார்கள், கடைசிவரை வரவில்லை. பணம் போனது ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு. பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ், டிகிரி சான்றிதழ், டி.சி. எல்லாம் அசல் வாங்கிக்கொண்டார்கள். "வெரிஃபிகேஷனுக்கு, பத்து நாளில் திரும்பத் தருவோம்."

பரீட்சை 2022 செப்டம்பரில். சென்னை போய் அங்கிருந்து இரண்டு இரவு ரயில். இறங்கினால் கல்லூரிக்குக் கூட்டிப்போகவில்லை, ஏதோ ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே நாற்பது, ஐம்பது பேர் இருந்தோம், பெரும்பாலும் என்னைப் போலக் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த பெண்கள். மேற்பார்வைக்கு வந்தவரே விடையைப் போர்டில் எழுதிப்போட்டார். எனக்கு அசிங்கமாக இருந்தது. எழுந்து வந்திருக்க வேண்டும். நாற்பதாயிரம் போய்விட்டதே, ரயிலில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதினேன். இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தப் பதிவுக்கு அர்த்தமே இல்லை.

இரண்டாம் வருடம் ரெக்கார்டுகள். பாடத்திட்ட நோட்டு, உளவியல் ரெக்கார்டு, கேஸ் ஸ்டடி எல்லாவற்றையும் "நாங்களே எழுதிக்கொடுத்துடுவோம்" என்று 12,000 தனியாக வாங்கினார்கள். நான் பயிற்சிக்குப் போனதாகக் காட்டிய பள்ளியின் முத்திரையையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். 2023 நவம்பரில் மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் எல்லாம் கைக்கு வந்தது. 78 சதவீதம். வீட்டில் பாயசம் வைத்தோம்.

2024 மே மாதம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் கணிதத்துக்கு இடம் காலி என்று தெரிந்து போனேன். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் தேறியிருந்தேன், அதனால் நம்பிக்கையோடுதான் போனேன். அங்கே எழுத்தர் ஒருவர், ஓய்வு பெறும் வயதில் இருப்பவர், என் தாள்களை மேசையில் பரப்பினார். அனுபவச் சான்றையும் பி.எட். சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஏம்மா, 2021லிருந்து 2023 வரைக்கும் இந்த ஊர்ல தினமும் வேலை பார்த்ததா இதுல இருக்கு. அதே ரெண்டு வருஷம் அங்க ரெகுலர்ல படிச்சதா அதுல இருக்கு. எதும்மா நிஜம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துச் சொன்னார்: பணியில் சேர்ந்தாலும் சான்றிதழ்கள் உண்மையா என்று சரிபார்க்கப் போகும், வெளிமாநிலப் பட்டம் என்றால் அது இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற இணைத்தன்மைச் சான்றும் கேட்பார்கள், அங்கே மாட்டினால் வேலை மட்டும் போகாது, போலிச் சான்று கொடுத்ததாக வழக்கு நம் மேல்தான் வரும், விற்றவன் மேல் முதலில் வராது. "நீயே முதல்ல யுனிவர்சிட்டிக்கு எழுதிக் கேட்டுப் பாரும்மா" என்றார். பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலிருந்து பதிவாளரின் மின்னஞ்சல் முகவரியை எடுத்து, என் பதிவு எண்ணை எழுதிக் கேட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து இரண்டு வரியில் பதில். அந்த எண்ணில் அப்படி ஒரு மாணவர் எங்களிடம் இல்லை.

சேரும் முன்பே இந்த ஒரு மின்னஞ்சலை அனுப்பியிருக்கலாம். ஒரு பைசா செலவில்லை.

விதி என்ன என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், அப்போதே படித்திருந்தால் அந்த ஆளின் முதல் வாக்கியத்திலேயே பொய் தெரிந்திருக்கும். என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு வருடம். வருடத்துக்குக் குறைந்தது 200 வேலை நாள், பரீட்சை நாட்களும் சேர்க்கை நாட்களும் அதில் சேராது. வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும். ஆக, "போக வேண்டாம், ஆனால் ரெகுலர்" என்று ஒன்று கிடையவே கிடையாது. தொலைநிலையில் பி.எட். உண்டு, இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன, ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. வெறும் டிகிரியோடு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதில் இடமில்லை, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி. அந்தப் பெண் கொண்டுவந்த நோட்டீஸில் இன்னொரு பொய்யும் இருந்தது: பி.எட். முடித்தால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அரசு வேலைக்குப் போகலாமாம். அதற்கு வழி செய்த என்.சி.டி.இ.யின் 2018 அறிவிப்பை 2023 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. "பழைய பேட்ச்ல போட்டு ஆறே மாசத்துல தரோம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்களாம். அது அப்பட்டமான போலி, அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

புகார் கொடுத்தேன். நானே பார்த்து எழுதிய பரீட்சையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அப்பா கூட வந்தார். ஜிபே பதிவுகளும் வாட்ஸ்அப் குரல் செய்திகளும் அழிக்காமல் இருந்ததால்தான் புகாரில் கொஞ்சமாவது பலம் இருந்தது. இரண்டு தவணையாக 35,000 திரும்ப வந்தது, டிகிரி சான்றிதழும் பத்தாவது சான்றிதழும் டி.சி.யும் வந்தன. பன்னிரண்டாவது மதிப்பெண் சான்றிதழ் வரவேயில்லை, தொலைந்துவிட்டது என்கிறார்கள். நகலுக்காக நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். அசல் சான்றிதழைக் காட்டுங்கள், அவர்கள் சரிபார்க்கும்வரை எதிரிலேயே நில்லுங்கள், திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். கல்லூரிகளே மாணவரின் அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லியிருக்கிறது, அப்படியிருக்க செல்போன் கடை மாடியில் இருப்பவருக்கு என்ன உரிமை?

புதுக்கோட்டையிலேயே அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஒரே பஸ். சைதாப்பேட்டை, ஒரத்தநாடு, குமாரபாளையம் என்று மற்ற ஊர்களிலும் இருக்கின்றன. கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தால் நான் கட்டியதில் ஒரு சிறு பங்கில் படிப்பே முடிந்திருக்கும். வேலையை விட வேண்டியிருக்கும் என்ற பயத்தில் அந்தப் பக்கமே நான் திரும்பிப் பார்க்கவில்லை.

2024இல் வேலையை விட்டுவிட்டு, முப்பத்து நாலு வயதில் நிஜமான பி.எட். சேர்ந்தேன். முதல் வருடம் மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று வைப்பார்கள், ஐந்தாறு நிமிடம், கூடப் படிப்பவர்களே மாணவர்களாக உட்கார்ந்திருப்பார்கள், ஒரே ஒரு திறனை மட்டும் செய்து காட்ட வேண்டும். என் முறை கேள்வி கேட்கும் திறன். நான் வழக்கம்போல ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்டேன். பேராசிரியர் நிறுத்தினார். "பேரைச் சொன்னதும் மத்த முப்பத்தொன்பது பேரும் யோசிக்கிறதை நிறுத்திடுவாங்கம்மா. முதல்ல கேள்வி, அப்புறம் கொஞ்சம் அமைதி, கடைசியில பேரு."

ஆறு வருடம் நான் பெயரைத்தான் முதலில் சொல்லியிருக்கிறேன். என்னிடம் படித்த பிள்ளைகளின் முகங்கள் அன்று இரவெல்லாம் கண்முன் வந்துகொண்டே இருந்தன. 12,000 கொடுத்து யாரோ எழுதிய அந்த ரெக்கார்டுக்குள் இந்தத் திறனுக்கும் ஒரு பக்கம் இருந்தது, அழகான கையெழுத்தில். நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இப்போது பள்ளிப் பயிற்சியில் இருக்கிறேன், ஏழாம் வகுப்பு, முழுக்கள் பாடம். தெருவில் கேட்ட அந்தப் பெண்ணின் அம்மா இன்னும் யோசிக்கிறார், "போகாமலே முடியுதுன்னா நல்லதுதானேம்மா, பஸ்ல தினமும் அனுப்பணுமே" என்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை என் அனுபவச் சான்றையும் அந்தப் போலி பி.எட். சான்றையும் பல்கலைக்கழகத்தின் அந்த மின்னஞ்சலின் அச்சையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகப்போகிறேன்.